தாசம்மாளின் இடது கை

தாசம்மாளின் இடது கை சத்தம் போடும். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். முழங்கைக்குச் சற்றுக் கீழே, விரல் தடிமனுக்கு நெளிந்து வீங்கியிருக்கும் இடத்தில் காதை வைத்தால், தெருக்கோடியில் மாவு மில் ஓடுவது போல உர்ரென்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கும். விரலை வைத்தால் அதிரும். டாக்டர்கள் அந்தக் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். நெஞ்சிலிருந்து வேகமாக வருகிற ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்ந்து அதைப் பெருக்கவைத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷின் அவள் ரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பி அனுப்புவது அந்த வழியாகத்தான். ஃபிஸ்டுலா என்று அதற்குப் பெயர். தாசம்மாளின் வாயில் அது நுழையவில்லை. அவளுக்கு அது இரைச்சல். காலையில் கண் விழித்ததும், ஜெபத்துக்கும் முன்னால், கையைக் காதில் வைத்துப் பார்ப்பாள். இரைச்சல் இருந்தால் அன்றைய பொழுது உண்டு.

அந்தக் கைக்குத்தான் எத்தனை சட்டம்! வளையல் கூடாது. வாட்ச் கூடாது. பை தூக்கக் கூடாது. பிரஷர் பார்க்கிற பட்டையைக் கட்டக் கூடாது. தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. முக்கியமாக, யாரும் பிடித்து அழுத்தக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் போயிற்று. சர்ச்சில் ஆராதனை முடிந்து பெண்கள் கை கொடுக்க வந்தால், இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வலது கையை மட்டும் நீட்டுவாள். பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால், "மக்களே, கை! கை!" என்று கத்துவாள். யாரோ பர்ஸில் கை வைத்துவிட்டான் என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

அவள் புருஷன் ஞானையன் கொத்தனார். பாறசாலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, ரோடு கடக்கும்போதெல்லாம் அந்த இடது கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவார். வீட்டுக்குள் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை பேசமாட்டார், அது வேறு விஷயம். ரோட்டில் மட்டும் பிடியை விடமாட்டார். மஞ்சள்காமாலையில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கையைப் பிடிக்க ஆளில்லை. பல வருஷம் கழித்துச் சிறுநீரகமும் போயிற்று. பிடிக்க ஆளில்லாத கையை இனி யாரும் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

மகன் பிஜு விழிஞ்ஞம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். தங்கமான பையன். மருமகள் ஷீனாவும் குறை சொல்லும்படி இல்லை. மாமியாருக்கு உப்பில்லாமல் தனியாகக் கறி வைத்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பாள். ஆனால் இரண்டு பேரும் அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நடத்தினார்கள். கையில் பட்டுவிடுமோ என்று நாலடி தள்ளி நின்று பேசினார்கள். தள்ளி நிற்கிற அன்பும் அன்புதான், யார் இல்லை என்றது. அதில் சூடு இல்லை, அவ்வளவுதான்.

வேலைக்கு அவள் கிழக்கேகோட்டையில் ஒரு சிப்ஸ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இளவயதில் அங்கே கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் நேந்திரங்காயைச் சீவிப் போடுகிற வேலை. ஒருநாள் சட்டி சரிந்து வலது கையில் எண்ணெய் கொட்டிவிட்டது. தோல் சுருங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கியபடி நின்றுவிட்டன. கடைக்காரர் ஸ்ரீகண்டன் நல்ல மனுஷர், அவளைப் பாக்கெட் போடுகிற மேசைக்கு மாற்றினார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு வாழைக்காய் வகையறாவையே சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பகலெல்லாம் தேங்காயெண்ணெய் மணத்தில் நின்றுகொண்டு, ஒரு துண்டை வாயில் போடாமல் வீட்டுக்கு வருவதென்றால் அதற்கும் ஒரு நெஞ்சுறுதி வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். சிறுநீர் பிரியாத உடம்பு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்துதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

செவ்வாய், வியாழன், சனி என்று காலையில் அவள் போவது ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன டயாலிசிஸ் சென்டர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஊசி குத்துவதை நினைத்துத்தான் பயப்படுவார்கள். குத்துவது ஒரு நிமிஷ வேலை. பெரிய பாடு, எல்லாம் முடிந்து ஊசியை எடுத்த பிறகு. சாக்கு தைக்கிற ஊசி தடிமனில் இரண்டு ஊசி, இரண்டு ஓட்டை, உள்ளே பாய்கிற ரத்தம். பஞ்சுத்துணியை வைத்து இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். குறைவாக அழுத்தினால் ரத்தம் பீச்சி அடிக்கும். கூடுதலாக அழுத்தினால் ரத்தக்குழாயே அடைத்துக்கொள்ளும். மேலே ரத்தம் வரக் கூடாது, விரலுக்கு அடியில் இரைச்சலும் நிற்கக் கூடாது. அந்தப் பக்குவம் விரலுக்குத்தான் தெரியும். கட்டிவிடுகிற பட்டை உண்டு. எவ்வளவு இறுக்குகிறோம் என்று பட்டைக்குத் தெரியாது என்று நர்ஸ் ஜினு அதைத் தொடவே விடமாட்டாள்.

மற்றவர்கள் தங்கள் கையைத் தாங்களே மறுகையால் அழுத்திக்கொள்வார்கள். தாசம்மாளுக்கு வலது கை விரல்கள் வளைந்து கிடக்கின்றன, எங்கே அழுத்துவது? ஜினு சிஸ்டர்தான் வந்து உட்கார வேண்டும். அத்தனை நோயாளிக்கு நடுவில் அவள் எத்தனை பேருக்குத்தான் விரல் கொடுப்பாள்? அதனால் அந்த சென்டரில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. முதலில் மெஷினிலிருந்து இறங்குகிறவர், முடியாதவருக்குப் பிடித்துவிடுவது.

அப்படித்தான் அடுத்த கட்டில் வன்னியபெருமாள் ஒருநாள் எழுந்து வந்தார். சாத்தூர்க்காரர். பிழைக்க வந்து பல வருஷமாகத் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ மாஸ்டர். மனைவி இல்லை. ஒரே மகளைச் சொந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்.

"தாசம்மா, நான் பிடிக்கட்டுமா? டீ ஆத்துற கை. பதம் தெரியும்."

அவள் தயங்கி ஜினுவைப் பார்த்தாள். ஜினு வேறொரு கட்டிலில் குனிந்திருந்தாள். "பிடிக்கட்டே அம்மச்சி! எனிக்கு ஆகெ ரெண்டு கையல்லே உள்ளு," என்று மலையாளத்தில், திரும்பாமலே சொன்னாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலைப் பஞ்சுத்துணியின் மேல் வைத்தார். காய்ப்புக் காய்த்த விரல்கள். நல்ல சூடு. தாசம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலிக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் ஏன் வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. அட, தெரியாமலென்ன, நன்றாகத் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனமில்லை.

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி இப்படியே இருப்பிய? கடிகாரத்த பாருங்க," என்றாள் பிறகு.

"கடிகாரம் எதுக்கு? ஒரு டீ போடுற நேரம். போட்டுருவோமா?" என்றவர், விரலை எடுக்காமல், வாயாலேயே டீ போட ஆரம்பித்தார். "மொதல்ல பால் அடுப்புல. தண்ணி கலக்காத பால், நமக்கு எதுக்குக் கஞ்சத்தனம்? ஓரத்துல பொரிப்பொரியா வருது பாருங்க. இந்தப் பக்கம் பாய்லர்ல வெந்நி. இஞ்சியத் தட்டிப் போடுறேன். வாசம் வருதா?"

"வருது," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சாயம் எறங்கட்டும். அவசரப்பட்டா கசக்கும். இப்பச் சீனி. ஒங்களுக்குச் சீனி கூடாதோ? பரவாயில்ல, இது வாய் டீ, ரெண்டு கரண்டியாப் போட்டுக்கலாம். இந்தா, மேல இருந்து ஆத்துறேன்..."

நுரை பொங்கக் கண்ணாடி டம்ளரை அவள் முன்னால் வைக்கும்போது ரத்தம் நின்றிருந்தது. விரலுக்கு அடியில் இரைச்சல் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. தாசம்மாள் எச்சில் விழுங்கினாள்.

அன்றிலிருந்து அவள் கையை அவர்தான் பிடித்தார். ஒருநாள் ஏலக்காய் டீ, ஒருநாள் சுக்கு, மழை பெய்தால் பால் விடாத கட்டன். அவர் குடிக்க முடியாதது, அவளும் குடிக்க முடியாதது. ஊருக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஒரு ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு படுக்கிற மனுஷர் அவர். பேச்சு டீயோடு நிற்கவில்லை. மகள் பேச்சு, பிஜு பேச்சு, செத்துப்போனவர்கள் பேச்சு. ஞானையன் ரோட்டில் கையைப் பிடிப்பார் என்பதை அவள் சொன்னபோது, வன்னியபெருமாள் பஞ்சுத்துணி மேலிருந்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று டீ போடவும் மறந்துபோனார்.

தாசம்மாள் டயாலிசிஸ் நாளில் முகத்துக்குப் பவுடர் போட ஆரம்பித்தாள். ஜினு விடுவாளா? "எந்தா அம்மச்சி, இன்னு பவுடரொக்க?" என்று கண்ணடித்தாள். "வேர்க்குது பிள்ளே, அதான்," என்றாள் தாசம்மாள். பல் கிட்டுகிற ஏசி அறையில் வேர்க்கிறதாம்! ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நீளமாயிற்று. திங்கட்கிழமை முடிவேனா என்றது. நோயாளிகள் எல்லோரும் எப்போது இதிலிருந்து விடுபடுவோம் என்று ஏங்க, இவள் எப்போது செவ்வாய் வரும் என்று ஏங்கினாள்.

சென்டருக்கு வெளியே அவர்கள் ஒருநாளும் சந்தித்ததில்லை. எப்படிச் சந்திப்பது? அவள் சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்கு முன்வரிசைக்காரி, விதவை, மருமகள் எடுத்தவள். அவர் சாமி கும்பிடுகிறவர். ஊர் சும்மா இருக்குமா? வெளியே கை பிடித்தால் அது வேறு பேச்சு. உள்ளே பிடித்தால் வைத்தியம். வைத்தியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவள் மனசு நிறுத்திக்கொள்ளவில்லை.

வன்னியபெருமாள் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து வைத்திருந்தார். மூளைச்சாவு ஆனவர்களின் உறுப்பை வரிசைப்படி கொடுக்கிற அரசு ஏற்பாடு. எப்போது போன் வரும் என்று தெரியாது, வந்தால் உடனே ஓட வேண்டும். ஒருமுறை வந்தது. போனார். முதலாவது ஆளுக்குப் பொருந்தவில்லை என்றால் உங்களுக்கு என்று உட்காரவைத்து, அவருக்கே பொருந்திவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த செவ்வாய் அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலில் ஏறுவதைப் பார்த்தபோது, தாசம்மாளுக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு மனுஷனுக்கு விடிவு கிடைக்கவில்லையே என்று வருத்தப்படாமல் சந்தோஷப்படுகிறேனே, நானெல்லாம் ஒரு பிறவியா என்று ஞாயிறு முழுவதும் முழங்காலில் நின்றாள். திரும்பச் செவ்வாய் வந்ததும் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அது ஒரு சனிக்கிழமை. அன்று அவளுக்கு மெஷினிலேயே பிரஷர் இறங்கித் தலை சுற்றியது. ஜினு காலைத் தூக்கிவைத்து, சலைன் விட்டு, ஒருவழியாகத் தேற்றி ஊசியை எடுத்தாள். வன்னியபெருமாள் வந்து உட்கார்ந்து விரலை வைத்தார். "இன்னிக்கு மூஞ்சி வெளுத்திருக்கு. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு..." என்று ஆரம்பிக்கும்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆமா சார், வன்னியபெருமாள்தான். எது? எனக்கா? நானேதானா சார்? இந்தத் தடவை நான்தான் மொத ஆளா?"

அவர் குரல் உடைந்தது. இரண்டு விரலாக இருந்தது முழுக் கையாயிற்று. மரக்கிளையைப் பிடித்துத் தொங்குகிறவன் போல அவள் கையை இறுக்கிப் பிடித்தார். மத்தியானத்துக்குள் வந்து சேர வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டே போனார்கள். இவர் சரி சார், சரி சார் என்றார். இறுக்கம் கூடியது. தாசம்மாளின் கைக்குள் இரைச்சல் மெலிந்தது. பிறகு, கரண்டு போனதும் ஃபேன் சுற்றி நிற்குமே, அப்படி நின்றது.

அவளுக்குத் தெரிந்தது. அத்தனை காலம் காதில் வைத்துக் கேட்டவளுக்குத் தெரியாமல் இருக்குமா? 'லேசா அண்ணாச்சி' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் அவர் பதறிக் கையை எடுப்பார். எடுத்த கையோடு எழுவார், போவார். சிறுநீரகம் கிடைத்தவருக்கு இனி இந்த அறையில் என்ன வேலை? இதுதான் கடைசி. தாசம்மாள் வார்த்தையை விழுங்கினாள்.

போனை வைத்த பிறகும் அவர் விடவில்லை. இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "கெடச்சிருச்சு தாசம்மா! இனிமே தண்ணி குடிக்கலாம்!"

"குடியுங்க அண்ணாச்சி. எனக்கும் சேத்துக் குடியுங்க," என்றாள்.

அறையே கை தட்டியது. படுத்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்து வாழ்த்தினார்கள். ஜினு ஓடிவந்து ஆட்டோவுக்குச் சொன்னாள். அவர் எழுந்து, வாசல்வரை போய்த் திரும்பி, என்னவோ சொல்ல வாயெடுத்து, "வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். களேபரம் அடங்கியதும் ஜினு வழக்கம்போலக் கேட்டாள்: "அம்மச்சி, இரைச்சல் உண்டல்லோ?" உண்டு என்றாள் தாசம்மாள். ஒருநாளும் பொய் சொல்லாதவள் என்பதால் ஜினு தொட்டுப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் நின்று கையைக் காதில் வைத்தாள். ஹார்ன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நின்றுவிட்டால் நேரம் கடத்தாமல் ஓடிவர வேண்டும் என்று அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். போனால், யார் பிடித்தார்கள் என்று முதல் கேள்வி வரும். சென்டர் முழுக்கத் தெரியும். ஆபரேஷன் மேசையில் படுக்கப்போகிற மனுஷர் காதுக்கும் அது போகும். இனி தண்ணீர் குடிக்கலாம் என்று அழுத மனுஷர். வேண்டாம், அவருக்கு நல்ல சேதி வரட்டும், அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெந்நீர்த் துணியை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காக மட்டும் ஜெபித்தாள். தன் கைக்காகக் கேட்க வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஜினு போனில் கத்தினாள்: "அம்மச்சீ! அண்ணாச்சிக்கு மூத்ரம் வந்நு!" உலகத்தில் வேறு எங்கேயாவது இந்தச் சேதிக்கு ஆனந்தக்கண்ணீர் விடுவார்களா? தாசம்மாள் விட்டாள். போட்ட சிறுநீரகம் வேலை செய்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டாள்.

"பிஜு, எனக்க கையில இரைச்சல் நின்னு போச்சு."

"அம்மே! எப்பம்?"

"தூக்கத்துல மேல படுத்துட்டேன் போல."

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர் டாக்டர் ஹரிநாராயணன். கையைத் தொட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "நின்னா ஒடனே ஓடி வரணும்னு சொன்னேனோல்லியோ? என்னம்மா இது!" என்றார். நுனியில் சின்ன பலூன் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அடைப்பைத் தாண்டியதும் ஊதவைத்து, உறைந்த ரத்தத்தைச் சுரண்டி இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் ஓடியது. அவள் மேசையிலிருந்து இறங்குவதற்குள் மறுபடி அடைத்துக்கொண்டது. வலது கையில் புதிதாகச் செய்யலாமென்றால், எண்ணெய் கொட்டிய கையில் நல்ல சிரை இல்லை. கடைசியில் கழுத்து வழியாகப் பெரிய சிரைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, காறையெலும்புக்குக் கீழே தோலுக்கு வெளியில் இரண்டு முனைகளைத் தொங்கவிட்டு, மூடி போட்டார். கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இது எத்தனை காலம் ஓடும் என்று சொல்வதற்கில்லை என்றார். பிஜு வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதான்.

கழுத்துக் குழாயில் ஊசி இல்லை. முடிந்ததும் மெஷினைக் கழற்றி, இரண்டு மூடியை மாட்டி அனுப்பிவிடுவார்கள். அழுத்த வேண்டியதில்லை. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு பாங்கில் ஓய்வுபெற்ற ஒருவர் வந்துவிட்டார், எந்நேரமும் மொபைலும் கையுமாக. தாசம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். ஒருநாள் மனசு கேட்காமல் தம்பானூருக்கே போய், டீக்கடைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தாள். வேறு யாரோ ஒருவன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி மகள் வீட்டோடு போய்விட்டார் என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் சொன்னார்கள். நல்லது, நல்லது என்றாள். வரும் வழியெல்லாம் அந்த இரண்டு விரலின் சூடு கையில் இருந்துகொண்டே இருந்தது. இனி உதவாது என்று டாக்டர் விட்டுவிட்ட கை அது. ஏங்குவதில் ஒரு குறைவும் வைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, அவள் சென்டருக்குள் நுழைந்து உட்காருவதற்குள் ஜினு ஓடிவந்தாள். "அம்மச்சி, வெளியில் ஒராள் காத்து நிக்குந்நு. உள்ளே வரான் பாடில்லா. இன்ஃபெக்‌ஷன் வராதெ நோக்கணும், பாவம்."

கேட்டுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் முகக்கவசத்தோடு வன்னியபெருமாள் நின்றார். உடம்பில் சதை போட்டிருந்தது. தாசம்மாள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு போய், நோயாளிகளை நெருங்க வேண்டாம் என்று அவருக்கு டாக்டர் சொல்லியிருப்பாரே என்று தள்ளியே நின்றாள்.

"தண்ணி குடிக்குதியளா அண்ணாச்சி?"

"குடிக்கச் சொல்றாங்க, குடிக்கேன். ஒத்தையில எறங்க மாட்டேங்குது," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப யாரு பிடிக்கிறா?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன, ஆளு இருக்கு."

காற்றடித்தது. முந்தானை நழுவியது. அவள் இழுத்து மூடுவதற்குள் இரண்டு மூடியையும் அவர் பார்த்துவிட்டார். டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தவருக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"தூக்கத்துல மேல படுத்துட்டேன்," என்றாள் அவசரமாக.

"பொய் சொல்லாதீங்க தாசம்மா. அன்னிக்குப் போன் பேசிக்கிட்டே எப்படிப் பிடிச்சேன்னு எனக்கு நெனப்பே இல்ல. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எத்தனை தடவை யோசிச்சேன். விரலுக்கடியில இரைச்சல் இருந்துச்சா இல்லையான்னு ஞாபகமே வரல. அதக் கேக்கத்தான் வந்தேன். நான் உசுரு பொழச்சு, உங்க உசுர..." வலது கையை மரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தார். "இந்தக் கையி! இந்தப் பாழாப்போன கையி!"

"நிப்பாட்டுங்க!" என்று அதட்டினாள் தாசம்மாள். இவ்வளவு நாள் மூடி வைத்தது அவருக்காகத்தான். இனி மூடி வைத்தால் இந்த மனுஷர் ஆயுசு முழுக்கத் தன் கையைச் சபித்துக்கொண்டே இருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது. "ஒங்க கையில ஒரு குத்தமும் கெடையாது. இரைச்சல் நின்னது ஒங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. அப்பமே தெரிஞ்சுது. லேசாப் பிடியுங்கன்னு ஒரு வார்த்தை போதும். நான்தான் சொல்லல்ல."

அவர் கை அந்தரத்தில் நின்றது. "தெரிஞ்சுமா? ஏன் தாசம்மா சொல்லல?"

அத்தனை காலமாகச் சுவரைப் பார்த்தே பேசியவள் அன்று அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொன்னா கைய எடுத்திருப்பியளே."

ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. வன்னியபெருமாள் கண்ணைத் துடைக்கவில்லை. டாக்டர் சொன்ன தூரத்தைக் கடந்து வந்தார். ரோட்டோரத்தில், பட்டப்பகலில், போகிற வருகிறவர்களுக்கு முன்னால், அவளுடைய இடது கையைப் பிடித்தார். பழக்கத்தில் இரண்டு விரலை மட்டும் வைத்துவிட்டு, அடியில் ஒன்றும் ஓடவில்லை என்று தெரிந்து, அவர் முகம் கோணியது.

"இனி அமுக்கினா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"இனி என்னத்த ஆவ? நல்லா அமுக்கியே பிடியுங்க," என்றாள்.

உள்ளேயிருந்து, மெஷின் ரெடி என்று ஜினு கூப்பிட்டாள். வாறேன் என்று பதில் சொல்லிவிட்டு, தாசம்மாள் அங்கேயே நின்றாள்.